ஹீட்டர் மேல் உட்கார்ந்த பிள்ளைகள்

எல்டன் ஹௌகனின் வலது கால் போர்வைக்குள் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. குதிகாலை மெத்தையில் ஊன்றிப் பாதத்தை முன்னால் அழுத்தினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ரோண்டா அந்தக் காலை மெல்லப் பிடித்துப் பார்த்தாள். ம்ஹூம், நிற்கிற காலாக இல்லை அது. சாப்பாடு இறங்கி எத்தனையோ நாளாகிறது, நெஞ்சு முழுக்கச் சளி. அந்த ஒற்றைக் காலுக்கு மட்டும் இவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ.

"பிள்ளைங்க எங்க?" என்றார் எல்டன்.

காலையிலிருந்து இதே கேள்விதான்.

"எங்க இறக்கி விட்டேன்? வெளில பனி கொட்டுதே. எங்க விட்டேன்னு ஞாபகமே வரலையே."

"அப்பா, நீங்க லேக்சைட் முதியோர் இல்லத்துல படுத்திருக்கீங்க. நீங்க ஸ்கூல் பஸ் ஓட்டுறத விட்டு எவ்வளவோ வருசமாச்சு. வெளில பிள்ளைங்க யாரும் இல்ல."

சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தைகூட அவருக்குள் போகவில்லை. கால் மறுபடி அழுத்தியது.

ஜன்னலுக்கு வெளியே ஏரி எது வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பனி விழுந்துகொண்டிருந்தது. கரையோரத்து மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோயின. அந்த வெள்ளை வெளிச்சம் அறைக்குள்ளும் வந்து, சுவர், போர்வை, அப்பாவின் முகம் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. மத்தியானமா சாயங்காலமா என்று கேட்டால் ரோண்டாவால் சட்டென்று சொல்லியிருக்க முடியாது. ராத்திரி முழுக்க அந்த நாற்காலியில்தான் கிடந்தாள்.

நர்ஸ் ஹோதன் காப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாகக் கிடக்கிறவர்களின் வீட்டாருக்கு இங்கே காப்பியும் பிஸ்கட்டும் அறைக்கே வந்துவிடும். ஹோதன் சோமாலியப் பெண், ஊதா முக்காடு, பூனை நடை. வந்ததே தெரியாது.

"இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரா?"

"விடாம."

"பயத்துக்கு விடுற சொட்டு மருந்து இருக்கு ரோண்டா. டாக்டர் எழுதி வெச்சிருக்காரு. எடுத்துட்டு வரட்டுமா?"

அந்த மருந்து ரோண்டாவுக்குத் தெரியாதா என்ன! அது இருக்கிற அவசரப் பெட்டியை மாதாமாதம் திறந்து, தேதி பார்த்து, மறுபடி முத்திரை போட்டு மூடுகிறவளே அவள்தானே. நாக்குக்கு அடியில் நாலு சொட்டு போனால் கொஞ்ச நேரத்தில் கால் நின்றுவிடும், வாயும் நின்றுவிடும். இந்த நிலைமையில் இருக்கிற ஆள் அதற்கப்புறம் கண் விழித்துப் பேசுவார் என்று நம்புவதற்கில்லை. ஆனால் பிள்ளைகளைப் பனியில் விட்டுவிட்டேன் என்கிற அந்தப் பயம்? அது போகுமா, இல்லை வாய் மூடிப்போன ஆளுக்குள்ளேயே கிடந்து அவரோடு போகுமா? அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

"எடுத்துட்டு வாங்க. ஆனா உடனே விட வேண்டாம்" என்றாள்.

ரோண்டா வேலை பார்க்கும் டாமரக் என்ற கம்பெனி முதியோர் இல்லங்களுக்கு மருந்து அனுப்புகிறது. மாத்திரைகளை அட்டையில் குமிழ் குமிழாக அடைத்து, ஆள் பேர் ஒட்டி, நீலப் பெட்டிகளில் போட்டு, தினமும் சாயங்காலம் வேன் கிளம்பும். வேன் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரோண்டாவுக்கு வேலை. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு இல்லமாகப் போய் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன விழுங்குகிறார்கள் என்று பார்த்து, இதை நிறுத்தலாம், அதைக் குறைக்கலாம் என்று டாக்டருக்கு எழுதுவாள். ஒரு மாத்திரை செய்த வம்பை அடக்க இன்னொரு மாத்திரை, அது செய்த வம்புக்கு மூன்றாவது என்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும். நர்ஸுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கத்தரிக்கோல். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அவளோடு வேலை பார்க்கும் வெர்லின் அட்டையில் பெரிய கத்தரிக்கோல் செய்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

பொய் மட்டும் அவள் வாயில் வராது. ஆறுதலுக்குக்கூட வராது. மறதி வந்த கிழவிகள் "எங்கம்மா எப்ப வருவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டால் நர்ஸுகள் "இதோ வந்துட்டே இருக்காங்க" என்பார்கள். ரோண்டா ஒன்றும் சொல்லாமல் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

பிள்ளைகள் வந்தது போன இலையுதிர் காலத்தில். நடுக்குவாதத்துக்கு எல்டன் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்றுக்கு அப்படி ஒரு குணம். கையையும் காலையும் அசைய விடும், கூடவே இல்லாததையும் காட்டும். சிலருக்குப் பூனை தெரியும், சிலருக்குச் சுவரில் பூச்சி ஊரும். ஊர்ப் பிள்ளைகளை ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்கிய எல்டனுக்குப் பிள்ளைகள் தெரிந்தார்கள். மத்தியானத் தூக்கம் கலைந்ததும், ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும், அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். கம்பளித் தொப்பி, ஈர பூட்ஸ், மடியில் சாப்பாட்டு டப்பா. பேசமாட்டார்கள். கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தச் சொல்லி, டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி முகத்தைச் சற்றே மேலே தூக்கி, அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார் எல்டன். அந்த நேரத்தில் அவர் கை நடுங்கியதே இல்லை என்று ஹோதன் சொல்வாள்.

ரோண்டா எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டு போவாள். "ஷ்! உக்காரு. வண்டி ஓடுறப்ப நிக்கக் கூடாது" என்பார். உட்காருவாள். அதற்கப்புறம் அவள் பக்கம் திரும்பமாட்டார். ஹீட்டர் மேல் இருப்பவர்களுக்குப் பேர் சொல்லிப் பேர் சொல்லிப் பேச்சு, அதட்டல், கேலி. கூப்பிடாத ஒரே பேர் அவளுடையதுதான். அறுபதை எட்டப்போகிற பெண்ணுக்கு இல்லாத பிள்ளைகள் மேல் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். எரிந்தது அவளுக்கு.

சொந்தக்காரர் மருந்தை யாரும் கூட்டவோ குறைக்கவோ சொல்லக் கூடாது என்று கம்பெனியில் விதி. அதனால் எல்டனின் மருந்தைப் பார்க்கிற பொறுப்பு வெர்லினுடையது. ரோண்டா அவன் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"பயப்படுறாரா?" என்றான் வெர்லின்.

"இல்ல."

"எந்திரிச்சு ஓடி விழுறாரா?"

"இல்ல."

"சந்தோஷமா இருக்காரா?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன கத்தரிக்கோல்? பிள்ளைங்க வந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குறாங்க?"

"இல்லாதது வருது வெர்லின். எதனால வருதுன்னும் நமக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே விட்டுட்டா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

"உனக்கு நல்லாத் தெரியும். ஆனா இதுல நீ மருந்துக்காரியாப் பேசுறியா, மகளாப் பேசுறியா?"

"ரெண்டும்தான்."

அவள் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை. வெர்லின் எழுதினான், டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் ஓரத்தில் ஒரே ஒரு சிறுமி மிச்சம் இருந்தாளாம். புது வருசத்துக்கு அவளும் இல்லை.

இத்தனை வருசம் இத்தனை பேருக்கு மாத்திரை வெட்டிய ரோண்டாவுக்கு ஒன்று மட்டும் தோன்றாமல் போயிற்று. இல்லாத பிள்ளைகள் போனால் அவர்கள் இல்லை என்பது அப்பாவுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தாள். அவருக்கு அப்படிப் புரியவில்லை. ஏற்றிய பிள்ளைகளைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் புரிந்தது. ஜனவரி முழுக்கக் காலியான ஹீட்டரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவரே முன்பு சொல்லி வைத்திருந்தார். இன்று காலை ரோண்டா வெர்லினுக்குப் போன் செய்து, அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

"விழுங்க முடியாதேம்மா. விழுங்கினாலும் வேலை செய்ய நாள் பிடிக்கும்" என்றான் வெர்லின். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பின்னால எத்தன பேரு இருக்காங்க?" எல்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பாரு. யாராவது இருக்காங்களா பாரு."

ரோண்டா திரும்பி ஹீட்டரைப் பார்த்தாள். அதன் மேல் வெள்ளை வெளிச்சம் மட்டும் நீளமாகக் கிடந்தது. யாரும் இல்லை அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் இருக்காங்க" என்றாள்.

கால் நின்றது.

"இருக்காங்களா? எண்ணிப் பாத்தியா?"

"எண்ணிட்டேன்."

"உக்காந்த இடத்துலேர்ந்தேவா எண்ணின? எந்திரிச்சுப் போயி எண்ணு."

ஊஃப்டா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டாள்; இந்த மனுசன் சாகும்போதும் விடமாட்டார் போலிருக்கிறதே! ரோண்டா எழுந்து ஜன்னலோரம் போய், ஹீட்டரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலை நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தாள். தொட்டால் சூடாக இருந்தது.

"சரியா இருக்குப்பா. யாரும் தொலையல. நீங்க இன்னும் யாரையும் இறக்கி விடவே இல்ல. அதான் உங்களுக்கு ஞாபகம் வரல."

"இறக்கி விடலையா." எல்டனின் முகம் மெல்ல இளகியது. கட்டிலின் பக்கக் கம்பியை வலது கையால் பற்றிக்கொண்டார். "அப்ப சீக்கிரம் போகணும். இருட்டிடும். மொதல்ல யாரு?"

ரோண்டாவுக்கு வழி தெரியும். பள்ளிக்கூட நாள் முழுக்க அந்த பஸ்ஸில் போனவள் ஆயிற்றே. "தானியக் கிடங்குகிட்ட நெல்சன் வீட்டு ரெட்டைங்க."

"அதுங்களா? ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளாம இறங்கச் சொல்லு." பஸ் கதவைத் திறக்கிற நெம்புகோலை இழுப்பதுபோல் கை கம்பியை இழுத்தது.

வாசலில் "ப்ஷ்ஷ்" என்று ஒரு சத்தம். ஹோதன் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு எப்போது வந்து நின்றாளோ தெரியாது. பஸ் கதவு திறக்கிற சத்தத்தை வாயால் கொடுத்துவிட்டு, மருந்துத் தட்டை அலமாரி மேல் வைத்தாள்.

"தேங்க்யூ மிஸ்டர் ஹௌகன்!" என்றாள் சின்னப் பிள்ளைக் குரலில். உடனே இன்னொரு குரலில், "தேங்க்யூ மிஸ்டர் ஹௌகன்!"

ரோண்டா அவளை வியந்து பார்த்தாள். "நானும் இந்த ஊர்ப் பக்கம் பஸ்ல போன பிள்ளைதான்" என்று கிசுகிசுத்தாள் ஹோதன். "இங்கிலீஷ்ல மொதல்ல கத்துக்கிட்டதே இந்த தேங்க்யூவத்தான்."

லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரில் மேவிஸ் இறங்கினாள். "கையுறைய மறந்துட்டுப் போறா பாரு, தினமும் இதே கூத்து" என்றார் எல்டன். ஹோதன் இல்லாத கையுறையை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டெனிஸ் ஓஸ்ட்பி. பத்தொன்பது வயதில் உறைந்த ஏரிமேல் வண்டி ஓட்டிப்போய், ஐஸ் உடைந்து உள்ளே போனவன் அவன். அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள் அவள்.

"வீட்டுக்குள்ள போயிட்டானா?" என்று கேட்டார் எல்டன். "விளக்கு எரியுதா பாரு. எரிஞ்சாத்தான் வண்டிய எடுப்பேன்."

ரோண்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரே வெள்ளை. "எரியுதுப்பா. உள்ள போயிட்டான். அவங்கம்மா கதவத் திறந்தாங்க."

இப்படியே ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்டனின் மூச்சு நடுநடுவே நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு வருவதுபோல் வந்தது. வார்த்தைகள் சுருங்கின. ஒருவர் இறங்கியதும் அவர் முகத்தில் ஒரு கோடு குறைந்தமாதிரி இருந்தது. வெளியே வெளிச்சம் நீலமாக மாறியிருந்தது.

திடீரென்று கையைத் தூக்கினார். "தண்டவாளம்."

ஹோதன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூட பஸ் எதுவும் தண்டவாளத்தை நிற்காமல் தாண்டாது. டிரைவர் கதவைத் திறந்துவைத்து, ரயில் வருகிறதா என்று காது கொடுப்பார். அதுவரைக்கும் உள்ளே ஒரு பிள்ளை மூச்சு விடக் கூடாது. எவ்வளவு ஆட்டம் போடுகிற பையனும் அந்த இடத்தில் அடங்கிவிடுவான்.

மூன்று பேரும் பேசாமல் இருந்தார்கள். ஹீட்டர் லேசாக முனகியது. நடைக்கூடத்தில் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, பனி விழுகிற சத்தம்கூடக் கேட்கும்போல. எல்டன் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூச்சு போனது. வரவில்லை. ரோண்டா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தாள். ஹோதன் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

மூச்சு வந்தது.

"ரயில் இல்ல" என்றார் எல்டன். "போகலாம்."

கண்ணைத் திறந்து ரோண்டாவைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் அவளை நேராகப் பார்த்தார். ஆனால் அது மகளைப் பார்க்கிற பார்வை இல்லை.

"ஏம்மா, எல்லாரும் இறங்கிட்டாங்க. நீ இறங்கலையா?"

"இல்ல."

"உன்ன எங்க இறக்கணும்?"

ஹௌகன் வீட்டு முற்றத்தில்தான் ராத்திரி பஸ் நிற்கும். டிரைவர் மகள் காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறி, சாயங்காலம் எல்லோருக்கும் பின்னால் இறங்க வேண்டும். மற்ற பிள்ளைகள் போனபிறகு அந்தக் கடைசி மைல் முழுக்க, காலி பஸ்ஸில் அவளும் அவரும் மட்டும். வண்டிக்குள் அவர் அப்பா இல்லை, டிரைவர்தான், பேசமாட்டார். ஆனாலும் அந்த ஒரு மைல் அவளுக்கே சொந்தமாக இருந்தது. நான்தாம்பா ரோண்டா என்று சொல்லத் துடித்தது. சொன்னால் அவர் குழம்பிப்போவார்.

"நீங்க வண்டிய நிறுத்துற இடம்தான் எங்க வீடு" என்றாள். "நான் கடைசி வரைக்கும் வர்றேன்."

"அப்படியா." அவர் யோசித்தார். "தூரம்மா."

"பரவாயில்ல. வர்றேன்."

"சரி. அப்ப முன்னால வந்து உக்காரு. பின்னால குளிரும்."

ரோண்டா நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் எல்டன் பேசவில்லை. கால் அசையவில்லை. கை கம்பிமேல் தளர்ந்து கிடந்தது. ஹோதன் விளக்கைப் போடாமல் போனாள். நீலம் கறுப்பாகிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில், யோசித்துவிட்டு வருகிற மூச்சு யோசிக்கப் போய் அப்படியே நின்றுவிட்டது. ரோண்டா கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு அழுதாள். ஹோதன் வந்து தோளில் கை வைக்கும்வரை, சத்தம் போட்டு, கைக்குட்டை தேடாமல் அழுதாள்.

நாக்கில் விடாமல் வைத்திருந்த சொட்டு மருந்தை அழிக்கும்போது இன்னொரு ஆளும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஹோதன் தயங்கினாள். "வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? என் வேலைதானே" என்றாள் ரோண்டா. ஹோதன் அந்த நாலு சொட்டையும் கரிப்பொடி போட்ட பாட்டிலுக்குள் பீய்ச்சினாள். ரோண்டா குனிந்து, முழுசும் கலந்துவிட்டதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டாள். எழுத்து நேராகத்தான் வந்தது.

லேக்சைட்டில் செத்தவர்களைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோவதில்லை. வந்த வாசல் வழியாகத்தான் போவார்கள். எல்டன் மேல் ஒட்டுத்துணிப் போர்வை போர்த்தி முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சமையற்காரர்கள், துணி துவைக்கிறவர்கள், வாக்கர் பிடித்த கிழவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். சவ அடக்கக்காரர் ட்வைட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் எல்டனின் பஸ்ஸில் போனவர்தான். "சண்டை போட்டேன்னு என்ன ரெண்டு தடவ முன் சீட்டுல உக்கார வெச்சாரு ரோண்டா. ரெண்டு தடவையும் தப்பு என் மேலதான்" என்றார்.

வண்டியில் ஏற்றியதும் பின்கதவைச் சாத்தி, கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினார்.

"நான் மெதுவாத்தான் போவேன். உங்க கார்ல பின்னாலயே வந்துடுங்க. இல்ல, நாளைக்குக் காலைல வந்தாலும் போதும். ஒண்ணும் அவசரமில்ல."

"நான் இதுலயே வர்றேன்."

"இதுலயா? திரும்பி வர்றதுக்கு உங்களுக்கு வண்டி இருக்காதே. இந்தப் பனியில எப்படி வருவீங்க?"

"நடந்து வந்துக்கிறேன்."

"எதுக்குங்க வீணா—"

"வர்றேன்னு சொல்லிட்டேன் ட்வைட்."

யாரிடம் சொன்னாள் என்று ட்வைட் கேட்கவில்லை. முன் இருக்கையில் கிடந்த பனிச் சுரண்டியையும் காப்பிக் கோப்பையையும் எடுத்து ஒதுக்கிவைத்தார். ரோண்டா ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது, வண்டி மெல்லத் திரும்பித் தெருவில் ஏறியது. வாசல் விளக்கின் கீழே அவளுடைய கார் மட்டும் நின்றது, அதன் மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது.